கணினியில் கிடந்த கல்வெட்டு

என் கணவர் சாகவில்லை. அவருடைய கல்வெட்டு மட்டும் தயாராகிவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்குக் கல்வெட்டு என்றால் கோயில் சுவரில் இருப்பது. எங்கள் பக்கத்தில் அது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். அட்டையில் மாலை போட்ட படம். உள்ளே தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, பிறந்து வளர்ந்து உத்தியோகம் பார்த்த சரித்திரம். அதற்குப் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாக எல்லோரும் பாட்டில் அழுவார்கள். மாமனார் இருக்கும்வரை முகம் கொடுத்துக் கதைக்காத மருமகள்கூட அதில் விருத்தம் விருத்தமாக அழுவாள். எனக்கு இந்தப் பழக்கத்தில் பெரிய மரியாதை கிடையாது. ஆனாலும் கல்வெட்டு அடிக்காமல் ஒருவரை அனுப்பிவிட்டு எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் தலைகாட்ட முடியாது.

அவர் பெயர் செல்வநாயகம். ரோட்டு ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் குணலட்சுமி, கூட்டுறவுச் சங்கத்தில் தட்டெழுத்தாளராக இருந்தவள். சித்திரை வெயிலில் வெண்டிப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர், அப்படியே வாய்க்காலில் சரிந்துவிட்டார். பட்டணத்து ஆசுபத்திரியில் குழாய்களோடு படுக்க வைத்தார்கள். பெரிய டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சொல்லவேண்டிய ஆக்களுக்குச் சொல்லுங்கோ அம்மா" என்றார். எங்கள் ஒரே மகன் மயூரதன் கனடாவிலிருந்து ஓடிவந்தான்.

மயூரதன் சின்ன வயதிலிருந்தே முந்திரிக்கொட்டை. பரீட்சை மறுமொழி வருமுன்பே மேல்வகுப்புப் புத்தகம் வாங்கி வைத்தவன். கனடாவில் சாவுக்கும் லீவை அளந்துதான் கொடுப்பார்களாம். அந்தியேட்டி வரை நிற்க முடியாது, அச்சகத்துக்காரன் பிந்திவிடுவான், இருக்கிற நேரத்தில் கல்வெட்டையாவது ஒப்பேற்றி வைப்போம் என்று சொல்லி, அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே வீட்டுக் கணினியில் வேலையைத் தொடங்கிவிட்டான். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அந்த ஆனை என்ன ஆனை என்று நினைக்கவே நான் விரும்பவில்லை.

ஆசுபத்திரியில் ஒருவர்தான் நிற்கலாம். அவன் நிற்கும் நேரங்களில் நான் வீட்டில் தனியாக இருந்தேன். சும்மா இருந்தால் விசர் பிடித்துவிடும் என்பதால், அவன் எழுதி வைத்துவிட்டுப் போனதையெல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டிக்கொண்டிருந்தேன். திதி வெண்பாவில் திதிக்குரிய இடம் மட்டும் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. புலம்பல்களை யாரோ ஒரு புலவரிடம் எழுதுவித்திருந்தான். மனைவி புலம்பலில் நான், "கோபமே அறியாத குணக்குன்றே" என்று அழுதிருந்தேன். கோபம் அறியாதவராம்! கறியில் உப்புக் கூடினால் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற மனிதர். என் வாயால் இந்தப் பொய்யை ஊர் முழுக்க வாசிக்கப் போகிறதே என்று ஆத்திரம் வந்தது. அந்தப் பாட்டை முழுவதும் அழித்துவிட்டு நானே எழுதினேன். பாட்டாக இல்லை, வெறும் வசனமாக. கல்யாணம் முடித்த நாள்முதல் அவருக்குச் சொல்லாமல் விட்டதெல்லாம் விரல் வழியாக வந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கம் நிறைந்தது. திரும்பி வாசிக்கத் துணிவில்லை.

கடுதாசியில் எடுத்தாவது எழுத்துப்பிழை பார்ப்போம் என்று முழுவதையும் அச்சடிக்கக் கொடுத்தேன். பிறிண்டரில் மை முடிந்திருந்தது. அதை நிற்பாட்டிவிட்டு எழும்பினேன். எழும்பிய கையோடு மயூரதனின் அழைப்பு வந்தது. அப்பா கண் விழித்துவிட்டார், தண்ணீர் கேட்கிறார் என்றான்.

சந்தோசம்தான். இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவரை வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்ன சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. "அதிர்ச்சியா ஒண்டும் வரக்கூடாது. கெட்ட செய்தி, சண்டை, ஒண்டும் வேண்டாம். இந்த இருதயம் இன்னொருக்காத் தாங்காது." மயூரதன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேர் மனத்திலும் வந்தது, மாலை போட்ட அந்த அட்டைப் படம்தான்.

அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தபோது வீடு செத்தவீட்டுக்கு ஆயத்தமாகக் கிடந்தது. நடுக்கூடத்தில் உடம்பு வைக்க இடம் வேண்டுமென்று கதிரைகளையெல்லாம் மகன் பின்னுக்கு ஏற்றிவிட்டிருந்தான். கணினி மேசையும் அதன் கதிரையும் மட்டும் யன்னலோரம் நின்றன. அவர் வெறுங்கூடத்தை நின்று பார்த்தார்.

"கதிரையள் எங்கை?"

"வெள்ளையடிக்க எடுத்தனாங்கள்" என்றேன்.

சுவரைப் பார்த்தார். லீவு முடிந்து மகன் விமானம் ஏறினான்.

போனவர்தான் திரும்பி வந்தாரா என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வந்தது. பழைய ஆள் வாசலுக்கு வரும்போதே என்னில் ஒரு பிழை பிடித்துக்கொண்டு வருவார். இந்த ஆள் வாயே திறப்பதில்லை. எண்ணெய் பூசும்போது காலைப் பிடித்தால் கிணற்றடிக் கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே சொதிக்கு உப்பைக் கூட்டிப் போட்டேன். ஒரு சொல் சொல்லாமல் குடித்தார். புலவர் எழுதிய அந்தக் கோபமே அறியாத குணக்குன்று வீட்டுக்கு வந்துவிட்டதோ, என்னுடைய மனிதர் ஆசுபத்திரியிலேயே தங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பட்டப்பகலில், அடுப்படியில் நின்றுகொண்டு, கட்டின புருசனுக்குப் பயந்தேன்.

அவர் முந்தி விடிந்தால் பொழுதுபட்டால் அந்தக் கணினிக்கு முன்னால்தான். பேப்பர் வாசிப்பதும் அதில், மரண அறிவித்தல் பார்ப்பதும் அதில். கொஞ்சம் தேறினால் அதில் போய் இருக்கத்தான் போகிறார். அதற்கு முன்னால் கல்வெட்டு இருந்த சுவடு தெரியாமல் துடைத்துவிட வேண்டும். அது அவர் கண்ணில் பட்டால் அவர் உயிர் போகும். எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

மயூரதன் தொலைபேசியில் சொன்னான்: "அம்மா, அது இது எண்டு ஒண்டையும் இறக்கிப் போடாதேங்கோ. கண்ட கண்ட கிளீனரெல்லாம் வைரசோடைதான் வரும். துடைக்கிறதுக்கு வேண்டிய சாமான் எல்லாம் கொம்பியூட்டருக்குள்ளையே கிடக்கு."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. வீட்டில் விளக்குமாறு இருக்கும்போது ஊரானிடம் ஏன் கேட்பான்? முகப்பில் இருந்த கல்வெட்டுக் கோப்பை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் கொட்டினேன். அவ்வளவுதான் என்று நினைத்து நிம்மதியாக உலை வைத்தேன்.

மத்தியானம் அவரைக் காற்றுப்படட்டும் என்று கூட்டிவந்து யன்னலோரம் கணினிக் கதிரையில் இருத்திவிட்டு, கஞ்சி எடுக்கக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் தலை நெஞ்சில் தொங்கக் கண் மூடி இருந்தார். அவருக்கு முன்னால் திரையில் அவருடைய முகம் மாலையோடு மெல்ல மிதந்து வந்தது. இடப்பக்கமிருந்து வந்தது, நடுவில் நின்றது, மங்கிப் போனது. அடுத்து எங்கள் வீட்டு மாமரம். அடுத்து திரும்பவும் மாலை போட்ட முகம்.

கஞ்சிக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. பாய்ந்துபோய் விசையைத் தட்டினேன். படம் மறைந்தது. அவர் கண் திறக்கவில்லை. மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது.

பேயும் இல்லைப் பிசாசும் இல்லை. கணினி சும்மா இருக்கும்போது படங்களை ஓடவிடும்படி மகன் எப்போதோ வைத்திருக்கிறான். கல்வெட்டை நான் அழித்தேனே தவிர, மாலை போட்ட படம் படங்களின் அறையில் தனியாகக் கிடந்திருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னையே ஏசிக்கொண்டு, அந்தப் படத்தை அழித்தேன், ஓடும் படத்தை நிற்பாட்டினேன். பிறகு டிஸ்க் கிளீனப்பைத் திறந்தேன். தற்காலிகக் கோப்புகள், படங்களின் சின்னப் பிரதிகள் என்று அது ஒரு வரிசையைக் காட்டியது. எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். பெரிய வீட்டைக் கூட்டுவதுபோல் அது கூட்டிக்கொண்டே போனது. காரணம் தெரிந்தபிறகும் பயம் போகவில்லை. நான் திறக்காத அலுமாரி இன்னும் எத்தனை இதற்குள் இருக்கிறதோ என்றுதான் இருந்தது.

ஒவ்வொரு காலையும் அவருக்கு மருந்துக் குளிசை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருவேன். சுவரைப் பிடித்தும் நடக்க மாட்டார், கட்டிலை விட்டு இறங்கவே என் தோள் வேண்டும் என்பதால் பயமில்லாமல் விட்டுவிட்டுப் போவேன். ஒருநாள் கோயிலிலிருந்து வரும்போது பக்கத்து வளவுப் பராசக்தியும் கூட வந்தாள். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வேண்டுமாம். பிறிண்டருக்குப் புது மை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். அதைப் போட்டு, மின் ஆளியை அமுக்கினேன்.

அட்டையை நான் இன்னும் உள்ளே வைக்கவேயில்லை. பிறிண்டர் ஒருமுறை செருமியது. கடுதாசியை இழுத்தது. முதலில் மாலை வந்தது, பிறகு நெற்றி, திருநீறு, கண். மயூரதன் அந்தப் படத்தை ஒரு கல்யாணவீட்டுப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தான். பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டான், என் தோள்பட்டை மட்டும் ஓரத்தில் கிடந்தது. "அமரர் செல்வநாயகம்" என்று எழுத்து வந்து முடிந்தது. அந்தத் தாள் விழ, அடுத்த தாள் ஏறியது. தேவாரம். அடுத்தது வெண்பா, திதி இல்லாமல்.

பராசக்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அறைக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. "என்ன அச்சடிக்குது?"

"பராசக்தியின்ரை ஐ.சி. கொப்பி" என்றேன்.

"நீட்டுக் கொப்பியாக் கிடக்கு" என்றார்.

நான் வயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினேன். சரித்திரத்தின் பாதியில், அவர் உத்தியோகத்தில் சேர்ந்த இடத்தில், தாள் நின்றது. தாள்களைச் சுருட்டிச் சேலைக்குள் செருகிக்கொண்டேன்.

பராசக்தி என் காதோடு சொன்னாள்: "செத்திட்டார் எண்டு கதை வந்தால் ஆயுள் கெட்டி எண்டு சொல்லுவினம் அக்கா. நீங்கள் பயப்பிடாதேங்கோ." சொல்லிவிட்டு அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். வாசல் படலையைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போதும் "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவள், அன்றைக்குச் சொல்லவில்லை. செத்தவீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லாமல் போவார்கள்.

தாள்களை அடுப்புக்குள் வைத்து எரித்துவிட்டு மகனுக்கு அழைப்பு எடுத்தேன். எனக்கு வந்த கோபத்தில் கனடா வரைக்கும் தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும். அவன் என்ன செய்வான், பாவம். நான் அன்றைக்கு அச்சடிக்கக் கொடுத்த கட்டளை, மை இல்லாமல் வரிசையில் நின்றிருக்கிறது. கணினியை எத்தனை தரம் நிற்பாட்டிப் போட்டாலும் அது அங்கேயே காத்துக்கொண்டு நிற்குமாம்.

"அம்மா, அழிச்சது எண்டால் அழிஞ்சது எண்டு நினைக்காதேங்கோ" என்றான். "இந்த இடம் காலி எண்டு ஒரு குறிப்புத்தான் போடும். சாமான் உள்ளை அப்பிடியே கிடக்கும். மேலை வேறை ஒண்டை எழுதுமட்டும் கிடக்கும்."

"உன்னட்டை இருக்கிற கொப்பி?"

"அதை அண்டைக்கே அழிச்சிட்டன். அதிலை புலவர் எழுதின பழசுதானே கிடந்தது. முதல், அண்மையிலை திறந்த கோப்புகள் எண்டு ஒரு வரிசை வரும், அதைப் பாருங்கோ. வேறை எங்கையும் கொப்பி கிடந்தால் அதிலை தெரியும்."

பார்த்தேன். வரிசையின் உச்சியில் கிடந்தது, அவன் ஆங்கில எழுத்தில் பெயரிட்ட அதே "அப்பா கல்வெட்டு பைனல்". நான் அழித்த இடத்தில் இல்லை, ஆவணங்களுக்குள், அச்சடிக்கக் கொடுக்குமுன் நானே பத்திரத்துக்குச் சேமித்து மறந்த இன்னொரு கொப்பி. அது எனக்கு அதிர்ச்சியில்லை. பக்கத்தில் போட்டிருந்த நேரம்தான் அதிர்ச்சி. இன்று காலை, நான் கோயிலில் நின்ற நேரத்தில், அது திறக்கப்பட்டிருந்தது.

"நீ உங்கை இருந்து திறந்தனியோ?"

"என்னாலை எப்பிடியம்மா ஏலும்? நான் தொடேல்லை."

இதுதான் அதுவா என்று பார்க்கத் திறந்தேன். திறந்த உடனேயே ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. நல்வரவு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. அது காட்டிய இடம் மனைவி புலம்பல். வீட்டில் ஒரு மனிதன் கட்டிலில் கிடக்கிறான், எழும்ப ஏலாது. நான் கோயிலில். யார் இதில் இருந்து என் பக்கத்தை வாசித்தது? ஆசுபத்திரியில் தங்கிவிட்ட அந்தப் பழைய ஆள்தான் வந்து போகிறாரோ என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது பின்னால் திரும்பிப் பார்க்கவும் பயந்து, ஒரு வரியும் வாசிக்காமல் மூடினேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டால், கிணற்றைத் தூர்ப்பதுதான் வழி.

அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர, நான் இருந்து துடைத்தேன். ஆவணக் கொப்பியை அழித்தேன். மகன் சொல்லச் சொல்ல அச்சு வரிசையை நடத்தும் சேவையை நிற்பாட்டி, அதன் அறைக்குள் போய் நின்ற கட்டளையைக் கொன்றேன். கணினி தன்னைத்தானே பழைய நாளுக்குக் கொண்டுபோக வைத்திருக்கும் மீட்புப் புள்ளிகளையும் அழித்தேன். பழைய நாளுக்கு இது திரும்பிப் போய்விட்டால் கல்வெட்டும் எழும்பி வந்துவிடுமல்லவா. தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டச் சொன்னேன். கடைசியாகக் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, மகன் எழுத்து எழுத்தாகச் சொன்ன கட்டளையைத் தட்டினேன். காலியென்று குறித்த இடமெல்லாவற்றின் மேலும் எழுதி மூடும் கட்டளை அது.

முதலில் முழுவதும் பூச்சியமாக எழுதுகிறேன் என்றது. ஒவ்வொரு புள்ளியாகத் திரையில் விழுந்துகொண்டே இருந்தது. அது முடிய இன்னொரு தரம், வேறு எண்ணால். அது முடிய மூன்றாந் தரம், வாய்க்கு வந்த எண்களால். சுடலையில் கொள்ளிக்குடத்தோடு மூன்று சுற்றுச் சுற்றுவார்கள் என்று கேள்வி. எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நான் பார்க்காததை இந்தப் பெட்டி வீட்டுக்குள் இருத்திக் காட்டுகிறதே என்று நினைத்தேன். எழும்பிப் போகலாம், அது தன்பாட்டில் ஓடும். ஆனால் நான் எழும்பவில்லை. முடியும்வரை காவல் இருந்தேன்.

முடிந்ததும் கிணற்றடிக்குப் போய்த் தலையில் வாளி வாளியாக வார்த்தேன். வார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, நான் குளிப்பது இழவு வீட்டால் வந்தவள் குளிக்கிற குளிப்பு. அவர் அறையில் படுத்திருக்கிறார். நான் முழுகிக்கொண்டு நிற்கிறேன். ஈரச் சேலையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் கண் திறந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்பாடா என்று இருந்தது. இனி ஒன்றும் அவர் கண்ணில் படாது. நான் ஜெயித்துவிட்டேன்.

மறுநாள் காலை தேத்தண்ணியோடு அறைக்குப் போனேன். கட்டில் வெறுமை.

கூடத்துக்கு ஓடிவந்தேன். கணினிக்கு முன்னால் இருந்தார், சாறத்தை ஒழுங்காக உடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு.

"ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

"சுவர்" என்றார். "இஞ்சேரும், என்ரை கல்வெட்டு எங்கை?"

கையிலிருந்த தேத்தண்ணி தளும்பிச் சுட்டது. "என்ன கல்வெட்டு?"

"மாலை போட்டது."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த மர வாங்கைக் காட்டினார். இருந்தேன்.

"நீர் கோயிலுக்குப் போற நேரத்திலை ஒவ்வொரு பக்கமா வாசிச்சனான்" என்றார். "நடக்கேலும் எண்டு சொன்னால் நீர் கோயிலுக்குப் போகாமல் காவலிருப்பீர். அதாலை சொல்லேல்லை. முதல்நாள் நெஞ்சு நொந்ததுதான். படுத்தன், விட்டிட்டுது. பிறகு பார்த்தன், செத்தவையிலை ஆருக்குத் தன்ரை சரித்திரம் வாசிக்கக் கிடைக்கும்? மாங்குளம் ரோட்டுப் போட்டதை மயூரதன் விட்டுப்போட்டான்."

"அப்ப பழையபடி கதைக்காமல் ஏன் கிடந்தனீங்கள்? சொதிக்கு உப்புக் கூடினதுக்கும் ஒண்டும் சொல்லேல்லை."

"செத்துப்போன ஆளுக்கு என்ன உப்பும் புளியும் எண்டு கிடந்தது."

அதைச் சிரிப்போடு சொல்லியிருந்தால் நான் ஆறியிருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

"மக்கள் புலம்பல் காசுக்கு எழுதினது எண்டு தெரிஞ்சுது. உம்முடையதைக் கடைசிக்கு வைச்சனான். நேற்றுத்தான் திறந்தன். அது காசுக்கு எழுதினது இல்லை. ஒரு வரிதான் வாசிச்சன். படலைச் சத்தம் கேட்டுது. பராசக்தியின்ரை குரலும் கேட்டுது. மூடிப்போட்டுப் போய்ப் படுத்திட்டன்."

"என்ன வரி?" என்று கேட்டேன். எனக்கு மெய்யாகவே நினைவில்லை.

அவர் திரையைப் பார்த்தபடி, தேவாரம் ஒப்புவிப்பவர்போல் சொன்னார்: "படலைக்குள் உங்கள் சைக்கிள் ஸ்ராண்ட் தட்டுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குப் பசிக்கும்."

எழுதியது நான்தான். அவர் வாயால் கேட்கும்போது வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அதுக்குப் பிறகு என்ன எழுதினனீர்?"

"துடைச்சிட்டன்" என்றேன். "ஒண்டும் மிச்சமில்லை."

"திருப்பி எடுக்கேலாதோ? உதுக்குள்ளை ஏதோ வழி இருக்கும்."

"இல்லை. மேலாலை எழுதி மூடிட்டன். மூண்டு தரம்."

"மூண்டு தரமோ?"

"ஓம்."

"வடிவாத்தான் எரிச்சிருக்கிறீர்" என்றார்.

கோபமில்லாமல் சொன்னார். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி எறிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் உயிரைக் காப்பாற்ற என்று நான் பின்னேரம் முழுக்க இருந்து துடைத்தது, அந்த உயிர் வாசிக்க ஆசைப்பட்ட ஒன்றைத்தான். கணினி உலகத்தில் நல்ல துடைப்பம் எல்லாம் இருக்கிறது. துடைக்கலாமா என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

"திருப்பி எழுதும்" என்றார்.

"இருக்கிற ஆளுக்கு ஆரும் புலம்பல் எழுதுவினமோ? அறம் பாடிச் சாகடிக்கிற மாதிரி."

"முதல் எழுதேக்கையும் நான் இருந்தனான்தானே."

நான் தேத்தண்ணி சுட்ட விரலை ஊதினேன்.

"சரி, வேண்டாம்" என்றார். "நான் போனாப் பிறகு எழுதுவீர். ஊர் முழுக்க வாசிக்கும். எனக்கு மட்டும்தான் கிடையாது."

வாங்கை இழுத்துப்போட்டு விசைப்பலகைக்கு முன்னால் இருந்தேன். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். சங்கத்தில் கடிதம் தட்டும்போது நான் விசையைப் பார்த்ததே கிடையாது. அந்த விரல்கள் பத்தும் விசைகளின் மேல் கிடந்தன. அவர் குழாய்களோடு கிடந்தபோது அப்படிக் கொட்டிய சொற்களில் ஒன்றாவது வரட்டும் என்று நேர்ந்துகொள்ளாத குறைதான். பக்கத்தில் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. தைலம் மணத்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்துக் காத்திருந்தார். உயிரோடு பக்கத்தில் இருக்கிற மனிதருக்கு எனக்கு ஒரு வரியும் எழுத வரவில்லை.

"நீங்கள் பக்கத்திலை இருக்க எனக்கு வருகுதில்லை" என்றேன்.

"அப்ப நான் எழும்பிப் போகட்டோ?"

மேசையைப் பிடித்து எழும்பத் தொடங்கினார். நான் அவருடைய சாறத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

"போகாதேங்கோ" என்றேன். "இருங்கோ. போகாதேங்கோ."

ஒரு பக்கம் நிறைய எழுதியவளுக்கு வந்தது அந்த ஒரு சொல்தான். அதையும் தட்டவில்லை, வாயால்தான் சொன்னேன்.